உறவு என்று ஒரு நாற்காலி

(மறைமலை நகரில் தொழிலாளரும் மாணவரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சுநடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைப் பேச அழைத்த தோழர், 'ஒன்பது பள்ளிக்கூடங்களுக்கு ஊழியர் உறவுத் தலைவராக இருந்தவர்' என்று அறிமுகம் செய்தார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். உறவு என்றால் நமக்கு அக்கா, தம்பி, மாமன், மச்சான். அதற்கு ஒரு நாற்காலி போட்டு, ஒரு மேசை போட்டு, மாசச் சம்பளமும் கொடுத்து ஒருத்தனை உட்கார வைக்கிறார்கள் என்றால், அங்கே உறவு ஏற்கெனவே செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். பிணத்துக்குக் காவல் உட்கார்ந்தவன் நான். எட்டு வருஷம் உட்கார்ந்தேன்.

நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவன். அப்பா அடுத்தவன் கழனியில் ஏர் ஓட்டியவர். செங்கல்பட்டு ஜில்லாவில் சேரிக்காரனுக்கு நிலம் ஏன் இல்லை என்று இங்கே புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1891இல் இந்த ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நிலம் இல்லாதவன் கைக்கு வேலைதான் நிலம். அதனால்தான் இந்தப் பகுதியில் கம்பெனிகள் வந்தபோது எங்கள் தெருவே கேட் வாசலில் போய் நின்றது. நானும் நின்றேன். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம். சங்கத்தில் இருந்தேன். மெமோ வாங்கினேன், மெமோவுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொண்டேன், மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன். அஞ்சல் வழியில் தொழிலாளர் சட்டம் படித்தேன்.

2014இல் ஒரு கல்வி அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்கல்பட்டு என்று இந்த வட்டாரத்தில் ஒன்பது பள்ளிகள். பேர் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பேரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். தாளாளர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க யூனியன்ல இருந்தவர், சட்டம் தெரிஞ்சவர். கீழ்மட்டத்துல உங்க ஆளுங்கதான் நிறைய பேரு. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

'உங்க ஆளுங்க.' அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தச் சம்பளம் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரியாததுபோல் இருந்துகொண்டேன். கம்பெனிச் சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு, தோழர்களே. பொய் சொல்லக்கூடாது.

முதல் மாசம் ஒன்பது பள்ளிக்கும் போய்ச் சுற்றினேன். பள்ளிக்கூடம் என்றால் நமக்கு ஆசிரியர்தான் கண்ணில் படுவார். நான் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். மேலே முதல்வர், அப்புறம் ஆசிரியைகள், அப்புறம் ஆபீஸ் கிளார்க், வேன் டிரைவர், வாட்ச்மேன், ஆயாம்மா, கடைசியாகக் கூட்டிப் பெருக்குகிறவர்கள். சாதிக் கலம் எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனாலும் மேலேயிருந்து கீழே விரலை ஓட்டினால் ஊர் முடிந்து சேரி தொடங்குகிற இடம் தெரியும். கக்கூஸ் கழுவுகிற வேலையில் ஒன்பது பள்ளியிலும் எங்கள் ஆட்களையும் அருந்ததியரையும் தவிர வேறு ஒரு ஆள் இல்லை. எல்லாரும் பெண்கள். ஆசிரியைகளுக்கு ஸ்டாப் ரூமில் டீ வரும். இவர்களுக்கும் டீ உண்டு. எவர்சில்வர் டம்ளர் நாலு, கக்கூஸ் ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும். டீக்கடையில் இரட்டைக் குவளை பற்றி எவ்வளவு கூட்டம் போட்டிருக்கிறோம், எவ்வளவு துண்டறிக்கை அடித்திருக்கிறோம். அது அங்கேயிருந்து எழுந்து பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் ஆணையிட்டு வைக்கவில்லை. கேட்டால், "அவங்களே அங்கதான் சார் வெச்சுக்கிறாங்க" என்பார்கள்.

இனி அந்த நாற்காலியின் வேலை என்ன என்று சொல்கிறேன். மாணவத் தோழர்கள் கவனமாகக் கேளுங்கள். நாளைக்கு உங்களில் பாதிப் பேர் பி.எட். முடித்து இந்தப் பள்ளிகளுக்குத்தான் போகப்போகிறீர்கள்.

வேலைக்குச் சேரும் ஆசிரியையிடம் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது என் மேசைக்கு வந்த முதல் வேலை. பாதுகாப்புக்காக என்று சொல்வோம். நடு வருஷத்தில் விட்டுப் போகாமல் இருக்கத்தான். இரண்டாவது, சம்பளம். தமிழ்நாட்டில் 2009இல் கட்டண முறைப்படுத்தும் சட்டம் வந்தது. பள்ளியின் செலவுகளைப் பார்த்துக் கட்டணக் குழு கட்டணம் நிர்ணயிக்கும். செலவில் பெரிய பங்கு சம்பளம். அப்படியானால் காகிதத்தில் சம்பளம் உயர உயரக் கட்டணம் கேட்கலாம் அல்லவா? நான் வேலை பார்த்த இடத்தில் காகிதத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம். வங்கியில் முழுசாகப் போட்டு, மீதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கினோம். சட்டம் நல்ல நோக்கத்தில் வந்தது. அதன் ஓட்டையில் ஆசிரியையின் பை கிழிந்தது. மூன்றாவது, மாறுதல். ஒரே பள்ளி என்றால் முதலாளிக்கு இந்த ஆயுதம் கிடையாது. ஒன்பது பள்ளி என்றால் உண்டு. வாய் திறந்த ஆயாம்மாவை மறைமலை நகரிலிருந்து ஒரகடத்துக்குப் போட்டால் இரண்டு பஸ், மூன்று மணி நேரம். மூன்றாவது வாரம் அவளே நின்றுவிடுவாள். நீக்கவில்லை, ஒரு மெமோ இல்லை, விசாரணை இல்லை. கைசுத்தம். இதற்குப் பேர் ஊழியர் உறவு.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயமே.

1963இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்குப் போனது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரிக்குப் பஸ் ஓட்டிய டிரைவர்களை ஆட்குறைப்பு செய்தார்கள். கல்வி என்பது தொழில் அல்ல, அது ஒரு பணி. ஆகவே தொழில் தகராறுச் சட்டம் அங்கே செல்லாது என்று தீர்ப்பு. ஸ்டியரிங் பிடித்தவனுக்கு என்ன கல்விப் பணி என்று கேட்க ஆளில்லை. பதினைந்து வருஷம் கழித்து, 1978இல், பெங்களூர் தண்ணீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. கல்வி நிறுவனமும் தொழில்தான் என்றது. 1982இல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை மறுபடி வெளியே தள்ளப் பார்த்தார்கள். திருத்தம் நிறைவேறியது, அந்தப் பகுதி கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. அப்புறம் 1988இல் சுந்தராம்பாள் வழக்கு. கோவாவில் ஒரு பள்ளியில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியையின் வழக்கு. பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்சநீதிமன்றம் சொன்னது. கற்பித்தல் உன்னதமான பணியாம். ஆகவே தொழிலாளர் நீதிமன்றக் கதவு ஆசிரியருக்கு இல்லை. ஆசிரியர்களுக்கென்று தனியாகச் சட்டம் செய்வது நல்லது என்று அதே தீர்ப்பு யோசனையும் சொன்னது.

பணிக்கொடையிலும் இதே கதைதான். 2004இல் ஆசிரியருக்குக் கிராஜுவிட்டி இல்லை என்று தீர்ப்பு. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே உண்டு என்றது. தனியார் பள்ளிகள் விட்டார்களா? அதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போய் 2022இல்தான் தோற்றார்கள். தமிழ்நாட்டில் 2010இல் கல்வி நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ.யை விரித்தபோதும் வழக்கு. 2020இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லும் என்றது. பத்து வருஷம். ஒரு ஆயாம்மாவின் பிரசவத்துக்கும் ஒரு டிரைவரின் முதுகுவலிக்கும் தொகை கட்டாமலிருக்கப் பத்து வருஷம் வக்கீலுக்குக் கட்டினார்கள்.

இதில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். ஆசிரியையைப் பார்த்து, 'நீ புனிதமான வேலை செய்கிறாய், உனக்கெதற்குத் தொழிலாளர் சட்டம்' என்கிறார்கள். கக்கூஸ் கழுவுகிற அக்காவுக்கு அந்தச் சட்டம் முழுசாகப் பொருந்தும். உடல் உழைப்பு, சந்தேகமே இல்லாத தொழிலாளி. ஆனால் அவளைப் பார்த்து, 'நீ தீட்டான வேலை செய்கிறாய், உனக்கெதற்கு மரியாதை' என்கிறார்கள். மேலே இருப்பவளுக்குப் புனிதம் சொல்லி உரிமையை எடுத்துக்கொள்கிறான். கீழே இருப்பவளுக்குத் தீட்டு சொல்லி மானத்தை எடுத்துக்கொள்கிறான். புனிதமும் தீட்டும் ஒரே கடையின் இரண்டு கல்லாப்பெட்டி. அந்த ஆசிரியையும் இந்த அக்காவும் ஒரே நாளில் ஒரே கேட்டில் நுழைகிறார்கள். ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இது இன்றைக்கு நேற்றைய கோளாறு இல்லை. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இழுக்க வேண்டும், அந்த எச்சில் தங்களுக்குத் தீட்டு என்று சொன்னவர்கள் கூட வேலை செய்த தொழிலாளிகள்தான். அம்பேத்கர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், நமக்குப் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டும் எதிரி என்று அவர் பேசியது எந்தச் சூழ்நிலையில் என்று யோசித்துப் பாருங்கள். சங்கம் வைத்திருந்தவர்களே அந்த இரண்டில் ஒன்றைப் பார்க்க மறுத்த சூழ்நிலை அது.

இப்போது அந்த அக்காவுக்கு வருகிறேன்.

2019 நவம்பர். மறைமலை நகருக்குப் பக்கத்துப் பள்ளி. மதியச் சாப்பாட்டு நேரம். சின்ன வகுப்பில் ஒரு குழந்தை மலம் கழித்துவிட்டது. ஆசிரியை ஆளனுப்பினார். அக்கா சோற்றில் கை வைத்திருந்தார். "ரெண்டு வாய் துன்னுட்டு வரேம்மா" என்றார். இரண்டாவது தடவை ஆள் வந்தது. "கையுறை கேட்டு ரெண்டு மாசம் ஆச்சி, அதக் குடுக்க ஆளில்ல, இதுக்கு மட்டும் ஆளு வருது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் பேசினது. சாயங்காலம் என் மேசைக்குக் காகிதம் வந்தது: 'மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார், பணியை மறுத்தார்.'

மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். எனக்குத் தெரியாததா? பத்து வருஷம் கம்பெனியில் அதற்காகச் சண்டை போட்டவன். தாளாளர் சொன்னார்: "அதெல்லாம் எதுக்கு சார். சொந்தக் காரணத்துக்காக நின்னுக்கறேன்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கிடுங்க." அக்காவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். என் கையால் எழுதினேன், தோழர்களே. பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னேன். வைத்தார். வைத்துவிட்டுக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீயா எழுதின தம்பி? எழுத்து முத்து முத்தா கீது. நம்ம புள்ளைங்க படிக்கணும்னு எங்கம்மா சொல்லும்."

இதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றேன்? ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்.

அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று தெரியுமா? 1894இல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். அதற்கப்புறம் அரசாங்கம் தொடங்கியபோது, 1920ஐ ஒட்டி, நம் பிள்ளைகளுக்கான பள்ளிகளைக் கல்வித் துறையிடம் கொடுக்கவில்லை. தொழிலாளர் ஆணையரிடம் கொடுத்தது. லேபர் ஸ்கூல் என்றுதான் நம் பாட்டன்மார் சொன்னார்கள். வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, சேரிப் பிரச்சினை என்பது உழைப்புப் பிரச்சினை என்று. சுதந்திரத்துக்கப்புறம் அது அரிசன நலமாகி, ஆதிதிராவிடர் நலமானது. 'நலம்' வந்தது, 'தொழிலாளர்' போய்விட்டது. 2023 மார்ச் பட்ஜெட்டில் இந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள், ஆசிரியர்களின் பணிநிலை பாதுகாக்கப்படும் என்றார்கள். 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் ஒரே நிர்வாகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இணைப்பது சரியா தப்பா என்று நம்மிடையே இரண்டு கருத்து இருக்கிறது. இருக்கட்டும். எந்தத் துறை ஆனாலும் என் கேள்வி ஒன்றுதான்: ஆசிரியரின் பணிநிலையைப் பற்றிப் பேசும்போது, அந்த விடுதிச் சமையல்காரர், வாட்ச்மேன், கூட்டுகிறவர் ஆகியோரின் பணிநிலையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அரசாங்கப் பள்ளி என்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேரை இதே தமிழ்நாட்டில் ஒரே அடியாக வெளியே தள்ளினார்கள்.

சரி, என் கதை. அந்த லெட்டருக்கு அப்புறமும் நான் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயேதான் இருந்தேன். கொரோனா வந்தது, ஆசிரியைகளுக்குப் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு மூடப்போகிறேன் என்றான். 2022 ஜூலையில் இங்கே கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த ஒரு வருஷம் அப்பாக்கள் வந்து என் அறைக்கு வெளியே நிற்பார்கள். ஃபீஸ் கட்ட முடியாது, டி.சி. கொடுங்கள் என்று. நான் ஆசிரியைகளைக் கூப்பிட்டு, 'பெற்றோர் கட்டவில்லை, ஆகவே உங்களுக்குச் சம்பளம் இல்லை' என்று சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன் அங்கே தூக்கிய கத்தி இங்கே ஆசிரியையின் கழுத்தில் இறங்குகிறது. அதைக் கொண்டுவந்து இறக்குகிற கை என்னுடையது. 2022 மார்ச்சில் ராஜினாமா எழுதினேன். அதையும் நானேதான் எழுதினேன்.

ஜூலையில் அக்காவைத் தேடிப் போனேன். நாலு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வேலைநீக்கம் நடந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், இன்னும் நாலு மாசம் இருக்கிறது என்று சொன்னேன். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நீ வந்து சொல்லுவியா தம்பி?"

சட்டம் படித்தவனுக்கு அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. சமரச அலுவலர் முன்னால் பள்ளித் தரப்பு வக்கீல் அந்த லெட்டரைத்தான் நீட்டினார். தானாக நின்றுகொண்டார், பாருங்கள் என்றார். நான் எழுந்து, 'இது என் கையெழுத்து. அந்தம்மா சொல்லி எழுதியதில்லை. தாளாளர் சொல்லி எழுதியது' என்றேன். அறை அமைதியாகிவிட்டது. மூன்றாவது வாய்தாவில் பணமாகத் தீர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பணம் கிடைத்தது. ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காகிதம் பொய் என்று ஒரு அரசாங்கக் கோப்பில் ஏறியது, அவ்வளவுதான்.

அடுத்து என்ன செய்வது? மூன்றே விஷயம்.

ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அறப்பணி, சமூகப்பணி, தொண்டு இவற்றில் முழுசாகவோ பெரும்பகுதியோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்கள் 'தொழில்' அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. பள்ளி நடத்துபவன் எல்லாம் அறக்கட்டளைதான். நாளைக்கு எல்லாரும் தர்மவான் வேஷத்தில்தான் வருவார்கள். அந்த வாதத்துக்கு இப்போதே தயாராக வேண்டும்: கட்டண ரசீது, வேன் கட்டணம், சீருடைக் கணக்கு எல்லாம் சேர்த்து வையுங்கள். முன்பு நீக்கத்துக்கு எதிராகப் போக மூன்று வருஷம் இருந்தது, இப்போது இரண்டு. என்னைப்போல் ஒருத்தன் மனசு மாறி வரட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் குறைதீர்ப்புக் குழு வைக்க வேண்டும், அதில் பெண்கள் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதைக் கேளுங்கள். குழுவில் உட்காரும் பெண் ஆயாம்மாவாக இருக்கட்டும்.

இரண்டு. 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாசத்துக்கு மேல் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அங்கே ஒரு கேட், ஒரு ஷிப்டு சங்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது கேட். முதலாளிக்கு ஒன்பதும் ஒன்று, நமக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. ஆகவே வேன் டிரைவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஒன்பது பள்ளிக்கும் சேதி கொண்டுபோகிறவர்கள் அவர்கள்தான்.

மூன்று. ஆசிரியர் சங்கம் தனி, மற்றவர் சங்கம் தனி என்று ஆரம்பித்தால் முதல் நாளே தோற்றோம். ஒரே பாயில் உட்காருவோம் என்பதில் பாதிச் சண்டை முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் சட்டம்.

அந்த அக்கா பேரைச் சொல்லவில்லை என்று யாரோ குறித்துக்கொண்டிருப்பீர்கள். அவரேதான் வேண்டாம் என்றார்: "எம் பொண்ணு இன்னொரு ஸ்கூல்ல ஆயா வேலைக்குப் போவுது. அத்த கெடுத்துடாத."

ஆகவே நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பன்னிரண்டு வருஷம் படித்தீர்கள். கணக்கு வாத்தியார் பேர் ஞாபகம் இருக்கும், தமிழய்யா பேர் ஞாபகம் இருக்கும். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவினவங்க பேர் என்ன? தெரியாதவர்கள் நாளைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பேர்களிலிருந்து தொடங்குவோம்.